அறுபதைத் தாண்டியும் வாகனம் ஓட: வன்னி வீதிகளுக்கான முழுமையான வழிகாட்டி

வன்னியில் பல வீடுகளில் வாகனம் ஓடத் தெரிந்த ஒரே ஆள் அறுபதைத் தாண்டிய ஒருவர்தான். பிள்ளைகள் கொழும்பிலோ கனடாவிலோ இருப்பார்கள். வயலுக்கும் கிளினிக்குக்கும் சந்தைக்கும் பிரதேச செயலகத்துக்கும் அவருடைய மோட்டார் சைக்கிளே போய்வரவேண்டும். விசுவமடுவிலோ மல்லாவியிலோ உள்ளொழுங்கையில் இருக்கும் ஒருவருக்கு அதை நிறுத்தினால் பாதி வாழ்க்கை நின்றுவிடும். நிறுத்தாமல் விட்டால் என்ன நடக்கும் என்பது ஆஸ்பத்திரி விபத்துப் பிரிவில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்.

வயதை மட்டும் பார்த்து ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம், ஒன்றும் மாறாததுபோல் விட்டுவிடவும் வேண்டாம். ஓட்டத்தில் எந்தப் பகுதி ஆபத்தோ அதை மட்டும் கழிக்க வேண்டும். எங்கள் பகுதியில் முதலில் கழிக்க வேண்டியவை நான்கு: இருட்டு, மழை, ஏ9 வீதி (கண்டி–யாழ்ப்பாணப் பெருவீதி), பின்சீற்றில் ஆள். இவை போனபின்பும் பகல் வெளிச்சத்தில் ஊர்ப் பாதையில் பல வருடம் ஓடக்கூடியவர்கள் நிறையப்பேர்.

முதலில் ஆளைப் பாருங்கள்

வீட்டிலேயே அரை மணித்தியாலத்தில் நான்கு சோதனை செய்யலாம். இவை வைத்தியரின் சோதனைக்கு ஈடாகாது. எந்த வைத்தியரிடம் போகவேண்டும் என்பதைக் காட்டித்தரும்.

கண்: பகல் வெளிச்சத்தில், வழக்கமாகப் போடும் கண்ணாடியுடன், 20 மீற்றர் தள்ளி நிற்கும் வாகனத்தின் நம்பர் பிளேற்றை வாசிக்கச் சொல்லுங்கள். 20 மீற்றர் என்பது பெரியவர் ஒருவரின் நடையில் ஏறத்தாழ 28 அடி வைப்பு. பிரித்தானியாவில் சாரதிகளுக்கு வைக்கும் அளவும் இதுதான். பிறகு ஒரு கண்ணைப் பொத்தி மற்றக் கண்ணாலும், அதன்பின் மாற்றியும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணில் புரை முற்றியிருந்தாலும் மற்றக் கண் சமாளித்துக்கொள்வதால் பலருக்கு அது தெரியாமலே இருக்கும். ஒரு கண் மங்கியவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் வாகனம் பிந்தித்தான் தெரியும். வலது கண் என்றால் முந்திச் செல்லும் பஸ், இடது கண் என்றால் ஒழுங்கையிலிருந்து இறங்கும் சைக்கிள்.

கழுத்து: கதிரையில் நேராக இருத்தி, முதுகுக்குப் பின்னால் 3 மீற்றரில் சுவர் மணிக்கூட்டை வைத்து, உடம்பைத் திருப்பி நேரம் சொல்லச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஏ9இல் ஏறும்போதும் வலது பக்கம் திரும்பும்போதும் அவர் பார்க்காமலே திரும்புகிறார் என்று பொருள்.

கால்: 3 மீற்றர் தூரத்துக்கு ஒரு கோடு கீறி, முடிந்தளவு விரைவாக நடந்துபோய்த் திரும்பிவரச் சொல்லுங்கள். 9 செக்கனைத் தாண்டினால், பிறேக்குக்குக் கால் மாற்றும் வேகமும் குறைந்திருக்க வாய்ப்புண்டு.

மூளை: வெள்ளைத்தாளில் ஒரு வட்டம் கீறி, மணிக்கூட்டு எண்களை எழுதி, முள்ளை 11.10க்கு வைக்கச் சொல்லுங்கள். எண்கள் ஒருபக்கமாகக் குவிந்தாலோ முள் 11க்கும் 10க்கும் போனாலோ, அதைப் பகிடியாக எடுக்காமல் தாளை வைத்திருந்து கிளினிக்கில் காட்டுங்கள்.

இதற்குப் பிறகு, தெரிந்த பாதையில் அரை மணித்தியாலம் அவர் ஓடுவதைப் பாருங்கள். கார் என்றால் பக்கத்தில் இருந்தும், மோட்டார் சைக்கிள் என்றால் பின்னால் இன்னொன்றில் போயும் பார்க்கலாம். வாய் திறக்க வேண்டாம். சிக்னல் போட்டுவிட்டு அணைக்க மறப்பது சின்ன விஷயம். சந்தியில் எதிரே வருவதன் வேகத்தைப் பிழையாக மதிப்பது, நடு வீதியில் காரணமில்லாமல் வேகம் குறைப்பது, பின்னால் ஹோர்ன் அடித்தால் திடுக்கிட்டுக் கரைக்கு இறங்குவது, நாற்பது வருடம் போன பாதையில் எங்கே திரும்புவதென்று தடுமாறுவது — இவை சின்ன விஷயமில்லை. கடைசியாகச் சொன்ன தடுமாற்றத்தை ஒருமுறை கண்டாலும் வைத்தியர் பார்க்கும்வரை வாகனம் வேண்டாம்.

வாகனத்தின் உடம்பும் பேசும். கண்ணாடி முறிந்திருத்தல், கால் மிதியில் புதுக் கீறல், கேற்றுத் தூணில் பெயின்ற் எல்லாம் கேட்காமலே கிடைக்கும் செய்திகள்.

சீனியும் குளிசையும்

இந்தப் பகுதியைத்தான் வீட்டுக்காரர் மிகக் குறைவாகக் கவனிக்கிறார்கள். அதிகாலையில் வெறும் வயிற்றுடன் சோதனைக்கு இரத்தம் கொடுக்கக் கிளினிக்குக்கு ஓடிப்போகும் சீனி (நீரிழிவு) வருத்தக்காரர், அந்தக் காலையில் வீதியில் இருக்கும் மிக ஆபத்தான சாரதிகளில் ஒருவர். முதல்நாள் இரவு இன்சுலினோ குளிசையோ எடுத்திருப்பார், எட்டுப் பத்து மணித்தியாலம் சாப்பிட்டிருக்கமாட்டார், நெடுந்தூரம் வந்து வரிசையில் நின்று, அதே வெறும் வயிற்றுடன் திரும்பிப் புறப்படுவார்.

இன்சுலின், கிளிக்கிளாசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் எடுக்கிறவர்களுக்கே சீனி திடீரென இறங்கும் ஆபத்து அதிகம். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்கு அந்தப் பயம் மிகக் குறைவு. குளிசைப் பையின் மேலே எழுதியிருக்கும் பெயரை வாசித்துப் பாருங்கள், தெரியாவிட்டால் மருந்து கொடுக்கும் இடத்தில் கேளுங்கள்.

கிளினிக் நாளுக்கு இப்படிச் செய்யலாம். போவதற்குப் பஸ் அல்லது ஆட்டோ. முடியவே முடியாதென்றால், காலைக் குளிசையை வீட்டில் போடாமல் கையில் கொண்டுபோங்கள். இன்சுலினுக்கு என்ன செய்வதென்று முந்திய கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள். பாணோ இடியப்பமோ கட்டி எடுத்துப்போய், இரத்தம் கொடுத்த கையோடு சாப்பிட்டு, பிறகு குளிசை போட்டு, அரை மணித்தியாலம் இருந்து புறப்படுங்கள். சீனி பார்க்கும் மெசின் வீட்டில் இருந்தால் புறப்படுமுன் ஒருமுறை பார்க்கவேண்டும். இன்சுலின் போடும் சாரதிகளுக்குப் பிரித்தானியாவில் சொல்லும் கீழெல்லை 5 மில்லிமோல். எங்கள் லாப் தாளில் அது 90. அதற்குக் கீழே இருந்தால் எதையாவது சாப்பிட்டபின்தான் சாவியைத் தொடவேண்டும். நீண்ட ஓட்டத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்கவேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது வியர்வை, கைநடுக்கம், பசி, கண் இருளல், காரணமில்லாத எரிச்சல் வந்தால்:

1. கரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைக் கழற்றி, வாகனத்திலிருந்து விலகி நிழலில் இருங்கள்.
2. மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், அல்லது 15 கிராம் குளுக்கோஸ் எடுங்கள். பிஸ்கற் மெதுவாகத்தான் வேலை செய்யும், அது பிறகு.
3. 15 நிமிடம் பொறுத்துப் பாருங்கள். 70க்குக் கீழேயே இருந்தால், அல்லது அந்த அறிகுறிகள் போகாவிட்டால், இன்னொருமுறை அதே அளவு.
4. சீனி ஏறியபின்பு பாணோ பிஸ்கற்றோ சாப்பிட்டு, இன்னும் 45 நிமிடம் ஓடவேண்டாம். எண் சரியானாலும் மூளை தெளிய அவ்வளவு நேரம் பிடிக்கும்.

சீனியைச் சிறு பொட்டலமாகக் கட்டி சேட்டுப் பையில் வையுங்கள். சீற்றுக்கு அடியிலுள்ள பெட்டியில் வைத்தால் கை நடுங்கும் நேரத்தில் பூட்டைத் திறக்கமுடியாது. பிறெசருக்கு அட்டெனலோல் எடுப்பவருக்குப் படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் தெரியும். வெயிலில் வியர்க்கிறது என்று நினைத்து அவர் தொடர்ந்து ஓடுவார்.

கந்தசஷ்டி, கேதாரகௌரி போன்ற விரத நாட்களுக்கும் இதே கணக்குத்தான். விரதம் இருப்பவர் அன்று ஓடவேண்டாம்.

மற்றக் குளிசைகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது, தடிமனுக்கும் கடிக்கும் எல்லோரும் கேட்டு வாங்கும் சின்ன மஞ்சள் குளிசை, பிரிட்டன் (Piriton). அதன் தூக்கம் அடுத்தநாள் காலையிலும் மிஞ்சும். நித்திரைக்கான டயசிபாம், நரம்பு எரிவுக்கான அமிற்றிப்ரிலின், கபபென்ரின், நோவுக்கான டிரமடோல் எல்லாம் இந்தக் கூட்டம். பிரசோசின், ரம்சுலோசின் எடுப்பவர்களுக்கு எழும்பும்போது தலை சுற்றும். புதுக் குளிசை தொடங்கியோ அளவு கூட்டியோ முதல் ஒரு கிழமை வாகனம் வேண்டாம். ஓடவேண்டும் என்பதற்காகக் குளிசையை நிறுத்துவதும் கூடாது. நேரத்தை மாற்றமுடியுமா, வேறு குளிசை உண்டா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கண் கிளினிக்கில் கண்மணியை விரிக்கத் துளி விட்டால் சில மணித்தியாலம் வெளிச்சம் கூசும், எழுத்து மங்கும். அன்று கட்டாயம் கூட ஒரு ஆள் வேண்டும்.

மதியக் கள்ளைப் பற்றியும் சொல்லவேண்டும். இளவயதில் தாங்கிய அளவை வயதான உடம்பு தாங்காது. உடம்பில் நீர் குறைவதால் அதே போத்தல் இரத்தத்தில் கூடுதலாக ஏறும். குளிசையோடு சேர்ந்தால் அரைப் போத்தலும் கூடுதல்தான்.

இருட்டுக் கணக்கு

60 வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் 20 வயதுக் கண்ணுக்குள் போவதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. எதிரே வரும் வாகனத்தின் ஃபுல் லைற் பட்டபின் கண் பழையபடி தெளிய எடுக்கும் நேரமும் கூடுகிறது. இனிக் கணக்கைப் பாருங்கள். ஒன்றைக் கண்டு, அது என்னவென்று விளங்கி, பிறேக்கைத் தொட ஒரு முதியவருக்கு 2.5 செக்கன் என்று வைப்போம். நல்ல ரயர், காய்ந்த தார். 40 கி.மீ. வேகத்தில் அந்த 2.5 செக்கனில் 28 மீற்றர் போய்விடும், நிற்க இன்னும் 9 மீற்றர், மொத்தம் 37. 60 கி.மீ. வேகத்தில் 62 மீற்றர். 70இல் 77 மீற்றர். டிம் லைற் 40 மீற்றரளவுக்குத்தான் தெளிவாகக் காட்டும் என்றால், 40 கி.மீ.க்கு மேலே போகும் ஒவ்வொரு கி.மீ.யும் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவது.

வன்னி இரவில் அந்த 40 மீற்றருக்குள் இருக்கக்கூடியவை: தார் சூட்டுக்குப் படுத்திருக்கும் மாடு, கறுத்த எருமை, பின் லைற் இல்லாத லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்), வெள்ளைச் சேட்டுக்கூடப் போடாத சைக்கிள்காரர், நெடுங்கேணி ஒட்டுசுட்டான் பக்கக் காட்டுப் பாதை என்றால் ஆனை. மாட்டின் கண் லைற்றுக்கு மினுங்கும் என்பார்கள். அது உங்களைப் பார்த்துப் படுத்திருந்தால் மட்டும்தான்.

அதனால் முதல் கழிவு இருட்டு. பொழுதுபடுவதற்கு அரை மணித்தியாலம் முன்பே வீட்டில் இருக்கவேண்டும். மார்கழியில் மழைக்கார் மூடினால் ஐந்து மணிக்கே இருட்டும் என்பதால் மாரியில் நாலரை என்று வைத்துக்கொள்ளலாம். வற்றாப்பளைப் பொங்கலுக்கு இரவு போவதென்றால் பஸ்தான்.

தவிர்க்கமுடியாமல் இரவில் மாட்டிக்கொள்பவருக்கு: எதிர் லைற் அடித்தால் கண்ணை இடதுபக்க வெள்ளைக் கோட்டுக்குக் கொண்டுபோய் வேகத்தைக் குறையுங்கள். ஹெட் லைற்றின் கண்ணாடியைப் புறப்படுமுன் ஈரத் துணியால் துடையுங்கள். கிரவல் தூசி ஒரு படலமாக மூடியிருக்கும். லைற்றின் உயரத்தைச் சரிபார்க்க, சுவரிலிருந்து 5 மீற்றரில் வாகனத்தை ஆளேற்றி நேராக நிறுத்தி டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு லைற்றின் நடு உயரத்திலிருந்து 5 சென்ரிமீற்றரளவு கீழே விழவேண்டும். இரவுக்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடியில் காசைப் போடாதீர்கள். அது உள்ளே போகும் வெளிச்சத்தை இன்னும் குறைக்கும். கீறல் விழுந்த பழைய கண்ணாடியை மாற்றினால் அதைவிடப் பலன் கூட.

ஆனை கண்டால் 100 மீற்றர் தள்ளியே நிற்கவேண்டும். ஹோர்ன் வேண்டாம், லைற்றை அடித்து அணைக்க வேண்டாம், எஞ்சினை அணைக்கவும் வேண்டாம். மெதுவாகத் திருப்பி வந்தவழியே போய், அடுத்த கடையில் இருந்து தேத்தண்ணி குடியுங்கள்.

எந்த நேரம், எந்த வீதி

ஏ9 வடக்குத் தெற்காகப் போகிறது. மாங்குளத்திலிருந்தும் பரந்தனிலிருந்தும் முல்லைத்தீவுக்குப் போகும் இரண்டு வீதிகளும் கிழக்குப் பக்கம் போகின்றன. ஆகவே காலை ஏழு மணிக்கு முல்லைத்தீவுக்குப் புறப்படுபவருக்குச் சூரியன் நேரே கண்ணில். வேலை முடித்து ஐந்து மணிக்குத் திரும்பினால் மறுபடியும் நேரே கண்ணில். கண்புரை தொடங்கியவருக்கு இந்த வெளிச்சம் முழுவதும் கண்ணுக்குள் சிதறி எதிரே வருவதை வெள்ளையாக அழித்துவிடும். காலை எட்டரைக்குப் பிறகு போய், பின்னேரம் நாலுக்குள் திரும்பினால் இந்தத் தொல்லை இல்லை.

பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடும். ஏழு முதல் எட்டுவரையும் ஒன்றரை முதல் இரண்டுவரையும் கிளிநொச்சி, வவுனியா, புதுக்குடியிருப்பு வீதிகளில் முதியவர்களுக்கு வேலை இல்லை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் நல்ல நேரம் எட்டரையிலிருந்து பன்னிரண்டரைவரை, பிறகு இரண்டரையிலிருந்து நாலுவரை.

ஏ9ஐ விடமுடியாதவர்கள் கவனிக்க வேண்டியது வலது பக்கத் திருப்பம். எதிரே வரும் பஸ்ஸின் வேகத்தை மதிப்பிடுவதும் பின்னால் முந்த வரும் வானைக் கவனிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கவேண்டும். வயதானவருக்கு மிகக் கடினமானது இதுதான். மோட்டார் சைக்கிள்காரர் நடுக்கோட்டில் காத்து நிற்கவே வேண்டாம். திரும்பவேண்டிய ஒழுங்கைக்குச் சற்று முன்பே வேகம் குறைத்து, இடது கரையில் வீதியை விட்டு முழுதாக இறங்கி நின்று, ஒரு கால் ஊன்றி, இரண்டு பக்கமும் வெறுமையாகும்வரை பார்த்து, பிறகு நேராகக் குறுக்கே கடக்கவேண்டும். ஒரு நிமிடம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான்.

அந்த இடது கரை இன்னொரு பொறி. தாரின் விளிம்புக்கும் கிரவலுக்கும் இடையே பல இடங்களில் நாலு விரலளவு இறக்கம் உண்டு. பின்னால் பஸ் ஹோர்ன் அடித்ததும் பதறிக் கரைக்கு இறக்கி, முன் பிறேக்கைப் பிடித்து, கிரவலில் சறுக்கி விழுவது முதியவர்களின் வழக்கமான விபத்து. பஸ் தொடவே இல்லை, ஆனால் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வேகத்தைத் தாரிலேயே 20க்குக் குறைத்து, பிறகு ஓரளவு கோணமாக இறங்கி, பின் பிறேக்கால் மட்டும் நிறுத்தப் பழகவேண்டும். திரும்பத் தாருக்கு ஏறும்போது விளிம்போடு உரசிக்கொண்டு ஏறினால் முன் ரயர் விளிம்பில் ஓடி ஆளைத் தள்ளும். முதலில் நின்று, பிறகு சற்றுக் குறுக்காகத் திருப்பி ஏறுங்கள்.

முன்னால் போகும் வாகனத்துக்கு இடைவெளி நாலு செக்கன். அது ஒரு கம்பத்தைத் தாண்டும்போது ஓராயிரம், ஈராயிரம், மூவாயிரம், நாலாயிரம் என்று எண்ணுங்கள். முடிக்குமுன் நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வந்தால் கிட்டப் போகிறீர்கள். மழைக்கு ஆறு.

ரயில் பாதை நெடுந்தூரம் ஏ9க்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. வீதியை விட்டுத் திரும்பிய கையோடு கடவை வந்துவிடும். மனம் இன்னும் பின்னால் வந்த பஸ்ஸில் இருக்கும். 100 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் 500 மீற்றரை 18 செக்கனில் கடக்கும். காது மந்தமானவர் ஹெல்மெற்றுக்குள் ரயிலின் ஹோர்னைக் கேட்பார் என்று நம்பவேண்டாம். காவலாளோ கேற்றோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் நின்று, கால் ஊன்றி, வலம், இடம், மீண்டும் வலம் பார்த்து, முதல் கியரில் கடக்கவேண்டும். அங்கே கியர் மாற்றவேண்டாம். முன்னால் போனவர் மறுகரையில் இடம் விட்டபின்தான் ஏறவேண்டும். தண்டவாளத்தில் எஞ்சின் நின்றால் இறங்கி விலகுங்கள், வாகனம் போனால் போகட்டும்.

தை, மாசி அறுவடைக்காலத்தில் தாரில் பாதி நெல் காயும். அதைச் சுற்றிக் கல்லும் கொப்பும் வைத்திருப்பார்கள். நெல்மணியின் மேல் ரயர் போனால் பிறேக் பிடிக்காது. எதிரே வாகனம் வந்தால் நெல்லுக்கு இப்பாலேயே நின்று அதைப் போகவிடுங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் சங்குப்பிட்டிப் பாலத்திலும் ஆனையிறவிலும் பக்கக் காற்று இலகுவான ஸ்கூட்டியை ஒரு முழம் தள்ளிவிடும். அந்தப் பயணம் பஸ்ஸில்தான். மழைக்காலத்தில் வீதிக்கு மேலே தண்ணீர் ஓடினால் முழங்கால் அளவென்று பார்த்து இறங்கவே கூடாது. கீழே தார் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

எந்த வாகனம்

முதியவர்கள் மோட்டார் சைக்கிளில் விழுவது ஓடும்போதைவிட நிற்கும்போதும் திருப்பும்போதும்தான் பலமுறை. காரணம் எளிது: சீற்றில் இருந்து இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் படாது, அல்லது கால் ஊன்றிய இடம் மணல். குதிக்கால் தூக்கினால்தான் எட்டும் என்ற வாகனம் அறுபதுக்குப் பிறகு பொருந்தாது. கியரும் கிளச்சும் இல்லாத ஸ்கூட்டிக்கு மாறுவது பெரும்பாலானோருக்கு நல்லது. ஸ்கூட்டி பெப் போன்றவை ஏறத்தாழ 95 கிலோதான், நடுவில் கால் தூக்கிப் போடாமல் ஏறலாம், இரண்டு பிறேக்கும் கையில். ஆனால் ரயர் சின்னது என்பதால் குழியில் மோட்டார் சைக்கிளைவிட மோசமாகத் துள்ளும். கிரவல் பாதையில் 25க்கு மேல் வேண்டாம். மாறிய முதல் நாட்களில், கால் தானாகப் பழைய பிறேக்கைத் தேடும். வீட்டு முற்றத்திலும் வெறும் விளையாட்டு மைதானத்திலும் ஒரு கிழமை நின்று பழகவேண்டும்.

பழைய மோட்டார் சைக்கிளையே வைத்திருப்பவர் கராஜில் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: முன் பிறேக் கைப்பிடியின் தளர்வு 10 முதல் 20 மில்லிமீற்றர், கால் பிறேக்கின் தளர்வு 20 முதல் 30, செயினின் நடுத்தொய்வு 20 முதல் 30. கைநோவுக்காரருக்கு ஒரு கேபிளை மாற்றி எண்ணெய் விட்டாலே கிளச் பாதி இலகுவாகும். இரண்டு பக்கக் கண்ணாடியும் இருக்கவேண்டும். ஒன்றைக் கழற்றி வைத்திருப்பது இளவட்டத்துக்கும் நல்லதில்லை. ஹெல்மெற் ஐந்து வருடத்துக்கு மேல் பழசென்றால் மாற்றுங்கள், நாடிவாரைப் பூட்டுங்கள். சேலையோடு ஒருபக்கமாக இருந்துவரும் மனைவியை ஏற்றுவது நிறைய வயதான சாரதிகளின் சமநிலையைக் குலைக்கிறது. நிற்கும் நேரத்தில் முழுப் பாரமும் இடது காலுக்கு வரும். இருவரும் போகவேண்டிய இடத்துக்கு ஆட்டோ.

கார் என்றால், நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே ஒரு சாணுக்குச் சற்றுக் கூட, 25 சென்ரிமீற்றர் வேண்டும். சீற்றை உயர்த்துங்கள் அல்லது கட்டியான மெத்தை போடுங்கள். ஸ்டியரிங் வளையத்துக்கு மேலாகப் பார்க்கவேண்டும், ஊடாக அல்ல. கிளச் மிதிக்க முழங்கால் நோகிறவருக்கு கிளச் இல்லாத ஓட்டோமற்றிக் கார் வரப்பிரசாதம். அதில் ஒரு புது ஆபத்தும் உண்டு: பிறேக் என்று நினைத்து அக்சிலேற்றரை மிதிப்பது. குதிக்கால் பிறேக்குக்கு நேரே நிலத்தில் ஊன்றியிருக்க, விரற்பக்கம் மட்டும் வலதுக்குத் திரும்பி அக்சிலேற்றரைத் தொடவேண்டும். செருப்பைக் கழற்றி ஒருபக்கம் வையுங்கள், அல்லது பின்வார் உள்ளதைப் போடுங்கள். றிவேர்ஸ் எடுக்கும்போது வாகனம் துள்ளினால் காலை முழுதாகத் தூக்கிவிட்டு மறுபடி வைக்கவேண்டும்.

லாண்ட்மாஸ்டருக்குத் தனியே ஒரு எச்சரிக்கை. குளக்கட்டிலிருந்து பெட்டியோடு இறங்கும்போது இடது பக்கக் கைக்கிளச்சைப் பிடித்தால் அது இடதுக்குத் திரும்பாது, வலதுக்குத் திரும்பும். சமநிலத்தில் பிடித்த பக்கச் சில்லு ஓய்வதால் அந்தப் பக்கம் திரும்புகிறது. இறக்கத்தில் பாரம் தள்ள, எஞ்சின் மற்றச் சில்லைத்தான் பிடித்து வைத்திருக்கிறது. விடுபட்ட சில்லு முந்திக்கொள்கிறது. அனுபவசாலிக்கு இது தெரியும், ஆனால் பதற்றத்தில் கை மறந்துவிடும். இறங்குமுன்பே குறைந்த கியர், குறைந்த திரொட்டில். திருப்புவது கைப்பிடியைத் தள்ளி மட்டும். பெட்டியின் பின்பக்கம் சிவப்பு மினுங்கும் ஸ்டிக்கர் இரண்டு மூலையிலும் ஒட்டுங்கள்.

போரில் காயம்பட்ட உடம்புக்கு வயது வேறுவிதமாக ஏறும். செயற்கைக்கால் போட்டவரின் மிஞ்சிய கால்தண்டு வருடத்தோடு மெலியும், அது நுழையும் குழாய் தளரும், வியர்த்தால் வழுக்கும். பத்து வருடம் முன்பு பிறேக்கை உணர்ந்த கால் இன்று உணராது. வலது கால் செயற்கை என்றால் கால் பிறேக் உள்ள மோட்டார் சைக்கிளை விட, இரண்டு பிறேக்கும் கையில் உள்ள ஸ்கூட்டி பொருந்தும். குழாய் தளர்ந்தால் வாகனத்தை நிறுத்தி முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஷெல் (எறிகணை) சத்தத்தில் காது கெட்டவர்கள் கண்ணாடியை ஐந்து செக்கனுக்கொருமுறை பார்க்கப் பழகவேண்டும்.

லைசன்ஸ்

லைசன்ஸ் அட்டையின் முடிவுத் திகதியைப் பாருங்கள். புதுப்பிக்க தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். போகும்போது அடையாள அட்டை, பழைய லைசன்ஸ், இப்போது போடும் கண்ணாடி, குளிசைப் பட்டியல் எடுத்துப்போங்கள். கண்புரை இருப்பது தெரிந்தால் முதலில் அதற்கு ஒப்பரேசன் செய்துகொண்டு, வைத்தியர் ஓடலாம் என்றபின் போவதே நல்லது. வருத்தத்தை மறைத்துச் சான்றிதழ் எடுப்பவர் விபத்தொன்று நடந்தால் காப்புறுதியிலும் சிக்கலுக்குள் போவார். உழவு இயந்திரத்துக்கும் லாண்ட்மாஸ்டருக்கும் தனித்தனி வகுப்பு உண்டு. புதுப்பிக்கும்போது தேவையில்லாத பார வாகன வகுப்பைத் தொடர்ந்து வைத்திருக்கத்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள்.

வீட்டில் எப்படிப் பேசுவது

விழுந்த அன்று பேசவேண்டாம். பேரப்பிள்ளைகள், அயலார் முன்பாகவும் வேண்டாம். கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் நாலு பேர் சேர்ந்து அதட்டுவதால் வரும் ஒரே பலன், ஐயா அடுத்தமுறை விழுந்ததைச் சொல்லாமல் விடுவது. அவர் மதிக்கும் ஒருவர், தம்பியோ மருமகனோ, தனியே இருந்து ஒரே ஒரு கழிவைக் கேட்கட்டும்: "ஐயா, இரவில மட்டும் இனி எடுக்கவேண்டாம். ஆறு மணிக்குப் பிறகு எங்க போறதெண்டாலும் எனக்குச் சொல்லுங்கோ, நான் வாறன்." சொன்னவர் உண்மையாகவே வரவேண்டும். ஒருமுறை வராவிட்டால் அந்த ஒப்பந்தம் முடிந்தது.

அம்மாமாருக்கு வேறு பிரச்சினை. பயத்தில் தாமாகவே முன்கூட்டி நிறுத்திவிடுகிறார்கள். கண்ணும் கழுத்தும் நன்றாக இருக்கும் ஒருவரிடம் "இனி உங்களுக்கு ஏன் அம்மா ஸ்கூட்டி" என்று கேட்காதீர்கள். இரண்டு மாதம் ஓடாவிட்டால் கை விட்டுப்போகும்.

ஒரு கழிவுக்குப் பழகியபின் அடுத்தது. இருட்டுக்குப் பிறகு மழை, பிறகு ஏ9, பிறகு பின்சீற்று, பிறகு பட்டினம். கடைசியில் கடை, கோயில், வயல் மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு கழிவுக்கும் பதில் ஒன்று முதலே தயாராக இருக்கவேண்டும். ஒழுங்கையில் உள்ள ஒரு ஆட்டோக்காரரோடு மாதக் கணக்குப் பேசுங்கள்: கிளினிக் நாள், சந்தை நாள், வெள்ளிக்கிழமைக் கோயில் என்று திகதியோடு. காசை வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பலாம், ஆனால் ஐயாவின் கையால் கொடுபடட்டும். பெற்றோல், ரயர், காப்புறுதி, கராஜ் செலவை ஒரு வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தால் ஆட்டோ அவ்வளவு விலையாகத் தெரியாது. 60 வயதானவர்கள் பிரதேச செயலகம் ஊடாக முதியோர் அடையாள அட்டை எடுக்கலாம். வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போக மாங்குளம், கிளிநொச்சி, பரந்தனில் ரயில் நிற்கும். படி உயரம் என்பதால் ஏற்றிவிட ஒரு ஆள் போகட்டும்.

கைத்தொலைபேசியில் 1990ஐப் பதிந்து வையுங்கள், அது இலவச அம்புலன்ஸ். ஹெல்மெற்றின் உள்ளே பெயர், வருத்தம், குளிசை, வீட்டு இலக்கம் எழுதிய துண்டை பிளாஸ்ரிக்கில் ஒட்டுங்கள். விழுந்தவரின் ஹெல்மெற்றை இழுத்துக் கழற்றவோ, தூக்கி இருத்தவோ வேண்டாம். இரத்தம் கரைக்கும் குளிசை எடுப்பவர் தலை அடிபட்டால், எழும்பி நடந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

முழுதாக நிறுத்தும் நாள் வந்தால் வாகனத்தை முற்றத்தில் விட்டுவைக்காதீர்கள். சாவி கண்ணில் பட்டால் கை போகும். விற்பதென்றால் ஓப்பின் பேப்பரில் (பெயர் மாற்றாமல், கையொப்பமிட்ட படிவத்தை மட்டும் கொடுத்து) கொடுக்கவேண்டாம். வாங்கியவர் ஓடி இடித்தாலும் பொலிஸ் பதிவிலுள்ள பெயரைத்தான் தேடி வரும். பெயர் மாற்றப் படிவத்தில் இருவரும் கையொப்பமிட்டு, வாங்குபவரின் அடையாள அட்டைப் பிரதியில் ஒப்படைத்த திகதியையும் நேரத்தையும் எழுதி வாங்கி, மாற்றம் முடிந்த புத்தகத்தின் படத்தை அவர் அனுப்பும்வரை ஒரு தொகையை அவரிடமிருந்து பிணையாக வாங்கி வையுங்கள்.